வெள்ளத் தடுப்புச் செலவு யார் தலையில்?

மழைக்காலம் நெருங்கினாலே நம் வணிகப் பெருமக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கீழே கிடக்கும் அரிசி மூட்டையையும் சர்க்கரை மூட்டையையும் மேலே ஏற்றுகிறோம். வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம். நம் வாசலில் தடுத்த தண்ணீர் எங்கே போகிறது? பக்கத்துக் கடைக்குத்தான் போகிறது.

கடைக்குள்ள இந்தக் கணக்கு ஊருக்கும் உண்டு. ஓர் ஊர் தன் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டால், அந்த வெள்ளம் அடுத்த ஊரைத் தேடிப் போகும். ஆகவே ஆற்றோரத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்துதான் தடுப்பு வேலை செய்ய வேண்டும். இதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டவுடன் பேச்சு முறிந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வியாபாரிகள் முன்னின்று தீர்த்துக்கொண்ட பகுதி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தின் மயாமி ஆற்றுப் பள்ளத்தாக்குதான் அது. அங்குள்ள பெரிய நகரம் டேட்டன். நம் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பதிலாக வந்த பணப்பதிவு இயந்திரம் அன்று பெருமளவில் தயாரானது அந்த ஊரில்தான்.

1913 மார்ச் 23, ஈஸ்டர் ஞாயிறன்று பிடித்த மழை நாள்கணக்கில் விடவில்லை. 25ஆம் தேதி கரைகள் உடைந்து டேட்டன் கடைவீதியில் மாடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கீழேயிருந்த ஹாமில்டன் நகரமும் தப்பவில்லை. பள்ளத்தாக்கு முழுவதிலும் 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சொத்து நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல்.

வெள்ளம் வடிந்த இரண்டே மாதத்தில் ஊர்மக்களும் வணிகர்களும் தொழிலதிபர்களும் சேர்ந்து 20 லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டினார்கள். பரணில் ஏறி உயிர் தப்பியபோது மனதுக்குள் செய்த சத்தியத்தை மறக்காதீர்கள் என்பதே அன்றைய வசூல் முழக்கம். ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரை அழைத்து ஆற்றை ஆராயச் சொன்னார்கள். டேட்டனில் மட்டும் கரை கட்டிப் பயனில்லை, மேலே பல இடங்களில் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றார் அவர்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. அணை வரவேண்டிய இடம் மேலே உள்ள மாவட்டங்களில். பிழைக்கப்போவது கீழே உள்ள நகரங்கள். டேட்டன் கடைவீதி நனையாமலிருக்க எங்கள் வயல் மூழ்க வேண்டுமா என்று மேட்டு விவசாயிகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

1914இல் ஒஹையோ அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 1915இல் மாவட்ட எல்லைகளைத் தாண்டி, ஆற்றுப் பள்ளத்தாக்குக்கென்றே ஓர் அமைப்பு பிறந்தது. மாவட்ட நீதிபதிகள் அடங்கிய மன்றம் அதைக் கண்காணித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது.

செலவைப் பிரித்த முறையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். எல்லாரும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மனைக்கும் கட்டடத்துக்கும் இந்த வேலையால் எவ்வளவு நன்மை என்று மதிப்பிட்டு, அந்த விகிதத்தில் வரி போட்டார்கள். நகரங்களும் மாவட்டங்களும் பொது நன்மைக்காகத் தனியே ஒரு பங்கு கொடுத்தன. மதிப்பீடு தவறு என்றால் முறையிட வழி இருந்தது. பத்திரங்கள் விற்றுப் பணம் புரட்டி வேலையை முடித்ததால், சொத்துக்காரர்கள் தவணையாகக் கட்டினால் போதுமாயிற்று.

இது நமக்குப் புதிதல்ல. நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லாரி பிடித்தால் வாடகையை நாலாகவா வகுக்கிறோம்? பத்து மூட்டை ஏற்றியவர் பத்துக்கும், நூறு மூட்டை ஏற்றியவர் நூறுக்கும்தானே கொடுக்கிறார்!

சரக்கை வைக்க இடம் கொடுத்தவருக்குக் கிடங்கு வாடகை கொடுப்பதும் நம் வழக்கம். அங்கேயும் அப்படித்தான். அணைக்குப் பின்னால் வெள்ளம் தேங்கும் நிலத்தையோ, அதில் தண்ணீரை நிறுத்தும் உரிமையையோ விலை கொடுத்து வாங்கினார்கள். ஆஸ்பர்ன் என்ற ஊரின் வீடுகளைப் பெயர்த்து உருட்டிக்கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள்.

மொத்தம் 5 அணைகள். 1922இல் வேலை முடிந்தது. மூன்று கோடி டாலருக்கு மேல் ஆன செலவை மத்திய அரசிடம் கையேந்தாமல் அந்தப் பள்ளத்தாக்கே ஏற்றுக்கொண்டது. இந்த அணைகளுக்கு மதகுக் கதவு கிடையாது. அடியில் உள்ள திறப்பு வழியே ஆறு தன்போக்கில் ஓடும். வெள்ளம் வந்தால் திறப்பு கொள்ளாத நீர் மட்டும் பின்னால் தேங்கி மெல்ல வடியும். மற்ற நாளில் அங்கே விவசாயம் நடக்கும். 1913 வெள்ளத்தை விட 40 சதவீதம் கூடுதலாக வந்தாலும் தாங்கும்படி கட்டினார்கள். இதுவரை 2,000 தடவைக்கு மேல் அவை வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. பராமரிப்புச் செலவுக்கும் பயனை ஒட்டிய அதே பங்கு முறைதான்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அணை போடுவதற்கு முன் செலவுக் கணக்கைப் போட வேண்டும். நம் பகுதியில் இப்படியொரு திட்டம் பேச்சுக்கு வரும்போது, நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. பயன் அதிகம் பெறுகிறவர் பங்கு எவ்வளவு, நமக்காகத் தண்ணீரைத் தாங்குகிற ஊருக்கு ஈடு என்ன, கட்டி முடித்த பின் ஆண்டுதோறும் பராமரிப்பது யார் என்றும் கேட்க வேண்டும். மேல் ஊர்க்காரரையும் கீழ் ஊர்க்காரரையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பேசுகிற பழக்கம் வியாபாரிக்கு உண்டு. இரு பக்கமும் நமக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களே!