கதவும் குதிரைவாலியும்

கோவில்பட்டி பக்கத்திலுள்ள இடைசெவல் சின்ன ஊர்தான். ஆனால் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று சாகித்ய அகாடமி விருது பெற்ற இரண்டு பேர் பிறந்த மண். ரெண்டு பேருமே 1923 செப்டம்பரில் பிறந்தவர்கள். கி.ரா. பிறந்தநாளை ஒட்டி அங்கே நடந்த இலக்கிய விழாவுக்குப் போயிருந்தேன்.

காலையில் கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பேச்சும் நீளம். ஊர்க்காரர்களைக் காணோமே என்று டீக்கடையில் கேட்டேன். "இப்ப வந்து யாரு சார் உக்காருவாக? உழவு ஓடுதுல்ல" என்றார் கடைக்காரர். நியாயம்தான். மானாவாரிக் கரிசலில் மழைக்கு முன்னால் நிலம் தயாராக வேண்டுமே. விவசாயிகள் போராட்டத்துக்காகச் சிறைக்குப் போனவர் கி.ரா.; அவர் விழாவில் சம்சாரிகள் இல்லை.

பொழுது சாய்ந்ததும் வந்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் ஓர் ஆசிரியை 'கதவு' கதையை வாசித்தார். பிள்ளைகள் ஏறி ஆடி விளையாடும் பழைய கதவை, தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர் இறங்குகிறது, கைக்குழந்தை செத்துப்போகிறது. வாசித்து முடித்தபின் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "எங்க அய்யா காலத்துல அண்டாவத் தூக்கிட்டுப் போனாக. அம்மா சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார்.

முப்பது வருசத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். வாராக்கடன் பட்டியலில் பெயர், தொகை, தவணை தப்பிய தேதி எல்லாம் இருக்கும். வீட்டுக்குள் இறங்கும் குளிரை எழுத அதில் கட்டம் கிடையாது.

திண்ணையில் ஒரு பாட்டி நாட்டு விதைகளைப் பரப்பி வைத்திருந்தார். குதிரைவாலி, இருங்குச் சோளம், கருங்கண்ணிப் பருத்தி. இளவட்டங்கள் சிலருக்குக் கருங்கண்ணி என்ற பெயரே புதுசு. கரிசல் சொற்களைத் தேடித்தேடி அகராதியே போட்டவர் கி.ரா. சொல் அகராதியில் தங்கிவிடும். விதையை அப்படி வைக்க முடியாதே, வருசாவருசம் மண்ணில் போட்டால்தான் உண்டு.

அடுத்த தடவை காலைப் பேச்சைக் குறைத்து, சாயங்காலம் கதை வாசிப்போடு விதைப் பரிமாற்றமும் வையுங்கள் என்று விழாக்காரர்களிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார்கள். பாட்டி ஒரு படி குதிரைவாலியை அளந்து என் பையில் போட்டார். காசு வாங்கவில்லை.

"வெளைஞ்சதும் ரெண்டு படியாக் கொண்டாந்து தரணும். பேங்குக்காரருக்குக் கணக்குத் தெரியும்ல?"