தலை குனிந்தால் சம்மதமா?

'மௌனம் சம்மதம்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்கும் பெண் தலை குனிந்திருந்தால், "அடக்கமான பொண்ணு, அவளுக்கும் பிடிச்சிருக்கு" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் 'திமிர்'. கொஞ்சம் சிரித்துவிட்டாலோ, இருக்கவே இருக்கிறது 'பொம்பளை சிரிச்சா போச்சு' பழமொழி! பெண்ணின் பார்வை, நடை, சிரிப்பு எல்லாவற்றுக்கும் ஊரே அர்த்தம் சொல்கிறது. சரியான அர்த்தம்தானா என்பதே என் கேள்வி.

'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். பொருட்பாலில் வரும் 71-வது அதிகாரம், முகத்தைப் பார்த்து மனதை அறியும் அரசவைக்காரர்களுக்கு. காமத்துப்பாலில் வரும் 110-வது அதிகாரம், காதலர்களுக்கு. அதில் வரும் பெண்ணும் முதலில் தரையைத்தான் பார்க்கிறாள். ஆனால் அதை மட்டும் வைத்து அவன் முடிவு கட்டவில்லை. தான் பார்க்காத நேரத்தில் அவள் தன்னைப் பார்ப்பதையும், லேசாகச் சிரிப்பதையும் கவனித்த பிறகுதான் புரிந்துகொள்கிறான். ஒரே ஒரு குறியை வைத்து மனசை அளக்கக் கூடாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

எங்கள் தெருவில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் ஒருத்தி. பெண் பார்க்க வந்த அன்று அவள் தலையே நிமிரவில்லை. 'பொண்ணுக்கு வெட்கம்' என்று எல்லாரும் பூரித்துப் போனார்கள். மறுநாள் என்னிடம், "வெட்கமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. பயத்துல கை நடுங்குச்சு. தட்டு விழுந்துடுமோன்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டே நின்னேன். வேணாம்னு யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றாள். அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் வாய் திறந்து சொல்லிவிட்டாள். நல்ல வேளை, தட்டு மாற்றுவதற்கு முன்பே பேச்சு நின்றது.

பயம் வெட்கமாகத் தெரிந்த கதை இது. அசதியும் அப்படித்தான் ஏமாற்றும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் பெண்களைப் பாருங்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது, மடிப்பது, பசை தடவுவது என்று நாள் முழுக்கக் குனிந்தே வேலை. தோள் தொங்கி, கழுத்து முன்னால் சாய்ந்துதான் வருவார்கள். 'தன்னம்பிக்கை உள்ளவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்' என்று வகுப்பு எடுப்பவர்கள் இவர்களை என்னவென்று சொல்வார்கள்? அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்து, சீட்டுக் கட்டி, வீட்டையே தாங்குகிறவர்கள் இவர்கள்! அது கழுத்து வலியே தவிர, தாழ்வு மனப்பான்மை இல்லை.

மூன்றாவது, மரியாதைச் சிரிப்பு. மேலே இருப்பவர் ஏதாவது சொன்னால் சிரித்து வைப்பது நம் வழக்கம். அதை 'அவளுக்கு என் மேல ஒரு இது' என்று எடுத்துக்கொள்ளும் ஆண்கள் உண்டு. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, தொடுவதும் பேசுவதும் மட்டுமல்ல, பெண் விரும்பாத பாலியல் சைகையும் துன்புறுத்தல்தான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்களாகவும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். வேலைக்குப் போகும் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நிமிர்ந்து நின்றால் தைரியம் வந்துவிடுமா? கை காலை அகட்டி நின்றால் ஹார்மோனே மாறும் என்று 2010-ல் 42 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. 2015-ல் 200 பேரை வைத்து வேறு சிலர் சோதித்தபோது, தைரியமாக உணர்ந்ததாகச் சொன்னார்களே தவிர, ஹார்மோன் மாறவில்லை. நிற்கும் விதம் கொஞ்சம் தெம்பு தரலாம். ஆனால் சொல்ல வேண்டியதை வாய்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தோழிகளே, 'வேண்டாம்' என்று சொல்லும்போது சிரிக்காமல், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மகளைப் பழக்குவோம். முதலில் நம்மிடமே அப்படிச் சொல்ல விடுவோம். ஒரு பெண் சிரித்தால் அது சிரிப்பு மட்டும்தான் என்று மகனுக்கும் சொல்லி வளர்ப்போம். கல்யாணப் பேச்சு வந்தால், வந்தவர்கள் போன பிறகு, பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்போம். அவள் வாயால் பதில் வரும்வரை காத்திருப்போம். என்ன, நான் சொல்வது சரிதானே?

– ஒரு வாசகி, ஆம்பூர்