படிச்சாச்சு, ஆனா பதில் இல்ல: ஒரு ப்ளூ டிக்குக்கு இவ்வளவு வலி ஏன்?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அப்பா வெளியேறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பத்தாவது நாள் அத்தை போன் செய்தார். "ஏன்டி, எங்கண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? காலையில அந்த ரோஜாப்பூ போட்டோ வரக் காணோமே." அப்புறம்தான் குரூப்பைத் திறந்து மெம்பர் லிஸ்ட்டைப் பார்த்தேன். அப்பா இல்லை.

முன்பெல்லாம் ஒருவர் குரூப்பை விட்டுப் போனால் 'லெஃப்ட்' என்று ஒரு வரி எல்லார் கண்ணிலும் படும். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் கிளம்பிப் போகிற சித்தப்பா மாதிரி, ஊருக்கே தெரிந்துவிடும். சமாதானம் பேச ரெண்டு பேர் கிளம்புவார்கள். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் இதை மாற்றியது. இப்போது ஒருவர் வெளியேறினால் அட்மின்களுக்கு மட்டும்தான் தகவல் போகும். எங்கள் குரூப்புக்கு ஒரே அட்மின், பெங்களூரில் இருக்கும் அத்தை மகன். அவன் குரூப்பை மியூட்டில் போட்டு வருடக்கணக்கு ஆகிறது. சங்கடமில்லாமல் கிளம்ப வேண்டுமென்று கொண்டுவந்த நல்ல வசதிதான். ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை, அவர் போனது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

விருதுநகருக்குப் போன் போட்டேன்.

"ஏன்ப்பா வெளிய வந்தீங்க?"

"சும்மாதாம்மா. போன்ல இடம் இல்லைன்னு காட்டுச்சு."

அம்மா போனை வாங்கினார். "இடமெல்லாம் இருக்கு. உங்கப்பா அந்த இன்ஃபோவைப் பார்க்கக் கத்துக்கிட்டாரு. அதுலேருந்துதான் இப்படி."

அந்த 'இன்ஃபோ' என்ன என்று தெரியாதவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் டிக் என்றால் மெசேஜ் நம் போனிலிருந்து கிளம்பிவிட்டது. ரெண்டு சாம்பல் டிக் என்றால் எதிராளியின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீலமானால் படித்துவிட்டார்கள். இந்த நீலம் 2014 நவம்பரில்தான் வந்தது. அதுவரை ரெண்டு டிக் விழுந்தாலே படித்துவிட்டதாக நினைத்துச் சண்டை போட்டவர்கள் ஏராளம். நீலம் வந்ததும் எதிர்ப்பும் கிளம்பியது, அதை அணைத்து வைக்கும் வசதியும் பின்னாலேயே வந்தது. செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய் 'ரீட் ரிசீப்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்தால் போதும். அதற்கு ஒரு விலை உண்டு. அடுத்தவர் படித்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது.

நான் ரெண்டு வருடமாக ஆஃப் செய்துதான் வைத்திருந்தேன். ஷிப்ட் முடிந்த பிறகு ஆபீஸ் மெசேஜ்களைப் படித்தது தெரியக்கூடாது என்பதற்காக. ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. இந்த ஸ்விட்ச் குரூப்களுக்குச் செல்லுபடியாகாது. வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டோமா என்பதையும் இது மறைக்காது. குரூப்பில் நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வுக்குப் போனால், யார் யார் படித்தார்கள், எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று பெயர் பெயராக வரும்.

அப்பா 31 வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாளைக்குச் சில நூறு பேரிடமாவது பேசுகிற வேலை. டிக்கெட், சில்லறை, 'உள்ள போங்க, உள்ள போங்க'. அவர் ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் நிற்கிறவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியே தீர வேண்டும், அது சண்டையாக இருந்தாலும். ரிட்டயர் ஆனபின் அந்தப் பேச்செல்லாம் போனுக்குள் வந்து சேர்ந்தது.

வெளியேறுவதற்கு முன் அவர் கடைசியாகப் போட்டது ஃபார்வர்டு இல்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தானே எழுதியது. அவருடன் 14 வருடம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் மாமா இறந்துபோன அன்று எழுதியிருக்கிறார். 'அவன் பிரேக் போட்டா நின்னுக்கிட்டு வர்ற பாட்டிகூட அசையாது' என்று அதில் ஒரு வரி. குரூப்பில் 23 பேர். 19 பேர் படித்திருந்தார்கள் என்றும், அந்தப் பட்டியலை ராத்திரியில் அப்பா திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார் என்றும் அம்மா சொன்னார். வந்தது ரெண்டு கட்டைவிரல். அதற்குக் கீழேயே யாரோ யாருக்கோ ஹேப்பி பர்த்டே சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 19 பேரில் நானும் ஒருத்தி. "உன் பேரு பக்கத்துல 10.42னு இருந்துச்சாம்" என்றார் அம்மா. மெட்ரோவில் வரும்போது திறந்திருப்பேன். நீளமாக இருந்தது, ஃபார்வர்டு என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒரு அனுபவத்தைச் சொல்வதுண்டு. பார்க்கில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத ரெண்டு பேர் விளையாடிக்கொண்டிருந்த ஃபிரிஸ்பீ தட்டு அவர் மேல் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்கள் திரும்ப அவரிடமே எறிந்தார்கள். கொஞ்ச நேரம் மூன்று பேராக ஆடினார்கள். பிறகு சட்டென்று இவரை விட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு ஆடத் தொடங்கினார்கள். அறிமுகமே இல்லாதவர்கள்தான், ஆனாலும் அது இவ்வளவு வலிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அதை வைத்து அவர் உருவாக்கியதுதான் 'சைபர்பால்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. திரையில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவார்கள். சில நிமிடத்தில் உங்களுக்கு மட்டும் பந்து வராது. அவ்வளவுதான் விளையாட்டே. அதிலேயே மனிதர்களின் மனநிலையும் சுயமதிப்பும் சரிந்தன. 2004இல் வெளியான ஆய்வில், மற்ற ரெண்டு பேரும் மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டும் செய்து பார்த்தார்கள். அப்போதும் வலித்தது.

இன்னொரு உளவியலாளர், மார்க் லியரி, 1995இல் தன் குழுவினரோடு சுயமதிப்பை ஒரு மீட்டராக விளக்கினார். வண்டியில் பெட்ரோல் முள் இருக்கிறதே, அதுபோல. நம்மைச் சுற்றி இருப்பவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா, ஒதுக்குகிறார்களா என்பதைத்தான் உள்ளே அந்த முள் அளந்துகொண்டே இருக்கிறது என்கிறார். 'மத்தவங்க என்ன நினைச்சா என்ன' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கும் (நானும்தான்) அந்த முள் ஆடத்தான் செய்கிறது. இல்லையென்றால் அந்த ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண மாட்டோமே.

மெசேஜுக்குப் பதில் வராதது புதிதல்ல. அந்தக் காலத்தில் கடிதத்துக்கும் பதில் வராமல் இருந்தது. ஆனால் தபால் தொலைந்திருக்கும், ஊரில் இல்லையோ என்னவோ என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ள அதில் இடம் இருந்தது. ப்ளூ டிக் பிடுங்கிக்கொண்டது அந்த இடத்தைத்தான். வந்து சேர்ந்தது, திறந்தார்கள், 10.42க்குத் திறந்தார்கள், போய்விட்டார்கள். இதற்கு மேல் கற்பனைக்கு என்ன இருக்கிறது?

இதை அப்பாவின் வயசுப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியவில்லை. எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். என் ஸ்டோரி கீழே இறங்குகிற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு எண் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மூன்று நாள் சேர்ந்தாற்போல் குறைந்தால் 'நமக்கு எழுத வரலையோ' என்பது வரை போய்விடுவேன். 2021இல் இன்ஸ்டாகிராம், லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அதை ஆன் செய்து நாலு நாள்கூட என்னால் இருக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் டிரைவர் மாமாவைப் பற்றிக் கேட்டேன். முதலில் "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார். பிறகு 40 நிமிடம் பேசினார். தீபாவளிக்கு முந்தின ராத்திரி நடுவழியில் பஞ்சரான கதை, சில்லறை இல்லாமல் அழுத பையனுக்கு மாமா தன் டீக்காசைக் கொடுத்த கதை. நான் பாதிக்கு மேல் ஒன்றும் பேசவில்லை. 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் நான் 'ம்' போட மறந்தால் "இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்ந்தார்.

குரூப்புக்கு அவர் இன்னும் திரும்பவில்லை. அத்தை மகன் ரெண்டு முறை இன்வைட் லிங்க் அனுப்பிவிட்டான், தொடவில்லை. அத்தைக்கு மட்டும் ரோஜாப்பூ தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கும்.

நான் ரீட் ரிசீப்ட்ஸை ஆன் செய்துவிட்டேன். அதில் ஒரு புதுத் தொல்லை. போன வாரம் ராத்திரி அவர் அனுப்பியதை 1.50க்குத்தான் பார்த்தேன். காலை 6 மணிக்கு அம்மா போனிலிருந்து கால்.

"என்னம்மா, ஒன்னு அம்பதுக்குப் படிச்சிருக்க. தூங்கவே இல்லையா நீ?"