லினக்ஸ் சர்வருக்கு வேண்டிய காவல்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் 'பாஸ்' என்னும் இயக்குதளத்தை வெளியிட்டது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இதற்கு, பள்ளிகளுக்கென்றே 'எடுபாஸ்' என்னும் பதிப்பும் உண்டு. இவற்றின் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். பலர் பார்க்கும் நிரலில் பிழை தங்காது, ஆதலின் இத்தகைய சர்வருக்குத் தனிக் காவல் வேண்டுவதில்லை என்று கருதுவோர் உளர். இக்கருத்து பாதியளவே உண்மையாகும்.

2014 ஏப்ரல் 7ஆம் நாள், ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' எனும் குறை இருப்பது வெளியாயிற்று. வெளியார் அனுப்பும் ஒரு வினவலுக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகச் செய்தி கசிந்தது. கடவுச்சொற்களும் அதில் அடங்கியிருக்கக்கூடும். திருத்திய பதிப்பு அன்றே கிடைத்தது. எனினும் அதனை ஏற்றாமல் நெடுநாள் கிடந்த சர்வர்கள் பல. மருந்து கடையில் இருப்பதனால் நோய் தீர்ந்துவிடாதன்றோ? பாதுகாப்புத் திருத்தங்களைக் காலந்தவறாமல் ஏற்றுவதே பொறுப்பாளரின் முதற்கடமை.

அடுத்தது வாயில். தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்எச் பெரும்பாலும் 22ஆம் எண் வாயிலில் காத்திருக்கிறது. இணையத்திலுள்ள தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அவ்வாயிலைத் தட்டி, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கின்றன. வாயில் எண்ணை மாற்றினால் தட்டும் ஓசை குறையும், பூட்டு வலுவடையாது. கடவுச்சொல்லுக்கு மாற்றாக இணைத் திறவுகோல் முறையைக் கையாளுதல் நன்று. இவற்றுள் பொதுத் திறவுகோல் சர்வரில் இருக்கும். தனித் திறவுகோல் பொறுப்பாளரிடம் மட்டுமே இருக்கும். அனைத்து அதிகாரமும் படைத்த 'ரூட்' கணக்கில் நேரே நுழைவதையும் தடுத்தல் வேண்டும். தேவையற்ற சேவைகளை நிறுத்திவிடுக.

இவ்வளவு செய்த பின்னும் விழிப்பு வேண்டும். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியியலர், எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கண்டார். காரணத்தைத் தேடிச் சென்றவர், எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ திட்டமிட்டுப் புகுத்திய கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைத்த பதிப்புக்கு அது வந்து சேருமுன்னரே தடுக்கப்பட்டது. நீரேற்றும் மோட்டாரின் வழக்கமான ஒலியை அறிந்தவனே அதன் கோளாற்றை முதலில் உணர்வான், சர்வரும் அவ்வாறே.

வழக்கத்தை அறிவதற்குப் பதிவேடுகள் உதவும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை அரசு அமைப்புகளையும் கட்டுப்படுத்தும். பதிவுகளை 180 நாட்கள் காத்தல் வேண்டும் என்றும், தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. கள்ளமாய்ப் புகுந்தவன் தன் சுவட்டை அழிக்க முயல்வான். ஆகவே பதிவுகளின் பிரதி உடனுக்குடன் வேறொரு கணிப்பொறிக்குச் செல்லுமாறு அமைத்தல் வேண்டும்.