சைக்கிளும் மோட்டாரும் ஒரே சாலையில்

கிராமவாசிக்குச் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. அது அவனுடைய உழைப்புக் கருவிகளுள் ஒன்று. விடியுமுன் பாலைச் சங்கத்துக்குக் கொண்டு செல்வதும், கீரையையும் காய்கறியையும் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வருவதும் பல ஊர்களில் அதனாலேயே நடைபெறுகின்றன. 1991-ஆம் ஆண்டு முதல் புதுக்கோட்டை ஜில்லாவில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், அப்பொழுது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டனர். பின்னர்த் தமிழ்நாட்டு அரசாங்கம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கிய திட்டத்தின் மூலம் பள்ளி மாணவ மாணவியர் பலருக்கு விலையின்றிச் சைக்கிள்கள் கிடைத்தன.

சைக்கிள் பெருகியது போலவே மோட்டார் வண்டிகளும் பெருகிவிட்டன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகின்றது. குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர் இவ்வாறு மாண்டால், துக்கம் அக்குடும்பத்தோடு நில்லாது. அவர் பெற்ற கடன் நிலுவையில் நிற்கும். ஜாமீன் போட்ட அங்கத்தினர் அதற்குப் பதில் சொல்ல நேரும். மாட்டை விற்கவும் பிள்ளையின் படிப்பை நிறுத்தவும் நேரும். ஆதலின் சாலை விதி என்பது கூட்டுறவுச் சங்கத்தாரும் கவனிக்க வேண்டிய விஷயமேயாகும்.

சட்டம் கூறுவது

முன்னாளில் சைக்கிளுக்கு நகரசபைகளும் பஞ்சாயத்துக்களும் வரி வாங்கி வில்லை கொடுத்து வந்தன. இரவில் விளக்கின்றிச் சென்றாலும், ஒரு சைக்கிளில் இருவர் சென்றாலும் போலீஸார் பிடிப்பார்கள் என்ற அச்சமும் ஜனங்களுக்கு இருந்தது. வில்லையும் அச்சமும் பெரும்பாலும் மறைந்தபின், சைக்கிளுக்குச் சட்டமே இல்லை என்ற எண்ணம் சிலரிடம் தோன்றியுள்ளது. இது தவறு. சைக்கிள் ஓட்டுவதற்கு மோட்டார் ஓட்டுவது போல் லைசென்ஸ் வேண்டியதில்லை என்பது மெய்யே. ஆயினும் 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு, பொதுவழியில் எவ்வித வாகனத்தையேனும் பிறர் உயிருக்கு அபாயம் விளையத்தக்கவாறு அஜாக்கிரதையாக ஓட்டுவோரைத் தண்டிக்கின்றது. அதில் மோட்டார் வண்டி என்ற வரையறை இல்லை; சைக்கிளும் அதற்குள் அடங்கும்.

தண்டனைக்கு அஞ்சி விதியைப் பின்பற்றுவது கீழ்த்தரமான காரணம். விதியின் உண்மையான பயன் வேறு. சாலையில் செல்லும் இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியாது. மற்றவர் அடுத்த நொடியில் என்ன செய்வார் என்பதை ஊகித்தே ஒவ்வொருவரும் நடந்துகொள்ள வேண்டும். அந்த ஊகம் தவறாதிருக்கும் பொருட்டு ஏற்பட்ட உடன்படிக்கையே சாலை விதி. அதை மீறுபவர் மற்றவருடைய ஊகத்தைப் பொய்யாக்குகிறார். விபத்து அங்கே பிறக்கின்றது.

இடப்பக்கம் செல்லுதல்

இந்நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். சைக்கிளில் செல்வோர் சிலர், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிவதால் வலப்பக்கமே பத்திரமானது என்று கருதுகின்றனர். நடந்து செல்பவருக்கு அது பொருந்தும். அவர் மெதுவாகச் செல்கிறார், ஓரடி விலகி ஒதுங்கவும் அவரால் முடியும். சைக்கிளுக்கு அது பொருந்தாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரும், 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சைக்கிளும் செல்வதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே திசையில் சென்றால், கார் சைக்கிளை மணிக்கு 45 கிலோமீட்டர் வீதமே நெருங்கும். நடுவே 100 மீட்டர் இருப்பின் ஓட்டுபவர் எண்ணிச் செயற்பட 8 வினாடி கிடைக்கும். எதிரெதிராக வந்தால் நெருங்கும் வேகம் 75 கிலோமீட்டர் ஆகிவிடும். கிடைப்பது 5 வினாடிக்கும் குறைவே. மேலும், பக்கச் சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பும் வண்டிக்காரர் வலப்புறமே பார்ப்பார். வண்டிகள் வரும் திசை அதுவே. தவறான பக்கம் வரும் சைக்கிள் அவர் கண்ணில் படாது.

நிற்க. நடுவே திட்டுள்ள நான்குவழிச் சாலைகளை அடுத்த கிராமங்களில், எதிர்ப்புறம் போக நெடுந்தூரம் சென்று திரும்ப வேண்டியிருப்பதால், ஜனங்கள் தவறான பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகின்றனர். இது வெறும் அலட்சியத்தால் மட்டும் நேர்வதன்று. சாலை அமைப்பும் அதற்குக் காரணம். இவ்விடங்களில் சைக்கிளிலிருந்து இறங்கி, சாலையின் ஓரமாக அதைத் தள்ளிக்கொண்டு நடப்பது உயிரைக் காக்கும். நிலையான பரிகாரம் துணைச்சாலையும் தகுந்த கடவையுமே. அவற்றைக் கேட்டு ஊரார் ஒன்றுகூடி மனுச் செய்வது நியாயமான காரியம்.

இரவும் விடியற்காலையும்

மோட்டார் ஓட்டுபவர் அபாயத்தைக் கண்டவுடன் வண்டி நின்றுவிடுவதில்லை. கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்கக் குறைந்தது ஒரு வினாடி செல்லும். அதன் பின்னரும் வண்டி ஓடியே நிற்கும். உலர்ந்த சாலையில் ஒரு காருக்கு இக்கணக்கு ஏறக்குறையப் பின்வருமாறு அமையும்:

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் — நிற்க 20 மீட்டர்.
மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் — நிற்க 37 மீட்டர்.
மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் — நிற்க 57 மீட்டர்.

பாரம் ஏற்றிய லாரிக்கும், மழை பெய்த சாலைக்கும் இன்னும் அதிகம் வேண்டும். தாழ்த்திய முன்விளக்கின் வெளிச்சத்தில் கருநிற உடையணிந்த ஒருவர் ஏறக்குறைய 40 மீட்டருக்குள் வந்த பிறகே தெரிவார் என்று கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அவரைக் கண்டும் நிறுத்த முடியாது என்பது இக்கணக்கினால் வெளிப்படை. ஓட்டுபவர் எவ்வளவு நல்லவராயிருப்பினும் இது மாறாது.

சைக்கிளின் பின்புறம் உள்ள சிவப்புப் பிரதிபலிப்பானோ நூறு மீட்டருக்கு அப்பாலும் பளிச்சென்று தெரியும். அதற்கு எண்ணெயோ மின்சாரமோ வேண்டியதில்லை. வருகின்ற வண்டியின் வெளிச்சத்தையே அது திருப்பி அனுப்புகின்றது. ஆயினும் அதன்மேல் சேறு படிந்தாலும், பால் கேனோ மூட்டையோ மறைத்தாலும் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆதலின் பாரம் ஏற்றிச் செல்வோர் கேனின் பின்புறத்திலேயே பிரதிபலிக்கும் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளல் வேண்டும். முன்புறம் விளக்கு அவசியம். மேலாடை வெண்மையாயிருத்தல் நலம்.

பாரமும் பிரேக்கும்

20 லிட்டர் பால், கேனின் கனம் நீங்கலாகவே, 20 கிலோவுக்குச் சற்று அதிகமிருக்கும். இருபுறமும் கேன் தொங்கவிடப்பட்ட சைக்கிள் நிற்கப் பிடிக்கும் தூரம் வெறுஞ் சைக்கிளினும் அதிகம். மழையில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டைகள் வழுக்கும். பிடித்தவுடன் சைக்கிள் நிற்காது. தேய்ந்த கட்டைகளைக் காலத்தில் மாற்றுவதும், மழையில் மெதுவாகச் செல்வதும், இருபுறப் பாரமும் சமமாயிருக்கப் பார்ப்பதும் சிக்கனமான காப்புக்கள். ஹாண்டிலில் பாத்திரங்களைத் தொங்கவிடுவது திருப்பும் சக்தியைக் கெடுக்கும்.

திருப்பங்களில் செய்யத்தக்கவை

வலப்பக்கம் திரும்புவோர் முதலில் பின்னே பார்த்து, வலக்கையை நன்றாக நீட்டிக் காட்டி, வழி கிடைத்த பின்னரே சாலையின் நடுவுக்கு வர வேண்டும். வண்டிகள் மிகுந்த இடத்தில் இடப்பக்கமே ஒதுங்கி நின்று, இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு எரியுங்கால் நிற்பது சைக்கிளுக்கும் உரிய கடமை.

லாரி அல்லது பஸ் ஒன்று இடப்பக்கம் திரும்பும்பொழுது அதற்கும் சாலையோரத்துக்கும் நடுவே ஒருபோதும் நுழையலாகாது. நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்லா. ஓரத்தை ஒட்டி உள்வாங்கிச் செல்லும். ஓட்டுபவர் வலப்பக்கம் அமர்ந்திருப்பதால், இடப்பக்கத்தில் வண்டியை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவருக்குத் தெரிவதும் அரிது. அவர் முகம் கண்ணாடியில் தெரியாவிடில், தன் முகமும் அவருக்குத் தெரியவில்லை என்று சைக்கிள்காரர் அறிந்துகொள்ள வேண்டும்.

மோட்டார் ஓட்டுவோர் கடமை

இவ்வளவும் சைக்கிள்காரருக்குக் கூறப்பட்டமையால் பொறுப்பு முழுதும் அவருடையதே என்று கொள்ளலாகாது. சைக்கிளும் அதில் செல்பவரும் சேர்ந்து 80 கிலோ எடையிருப்பின், பாரம் ஏற்றிய 16 டன் லாரி அதைப்போல் 200 மடங்கு. சைக்கிள்காரர் தவறினால் பெரும்பாலும் அவரே அடிபடுவார். லாரிக்காரர் தவறினாலும் அடிபடுபவர் சைக்கிள்காரரே. எனவே கனமான வண்டியை உடையவருக்குக் கடமையும் கனமானது. சைக்கிள்காரர்களுள் சிலர் விதியை மீறுகின்றனர் என்பதனால் அவர்கள் எல்லோருக்கும் சாலையில் உரிமை இல்லாமற் போய்விடாது. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்குப் பதிலாக 2017-ஆம் ஆண்டில் வெளியான ஒழுங்குவிதிகள், பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் விசேஷ கவனம் காட்டுமாறு மோட்டார் ஓட்டுவோரைப் பணிக்கின்றன.

சைக்கிளைத் தாண்டும்போது தாராளமாக இடைவெளி விடுவது முதற்கடமை. பள்ளத்துக்கு விலகியோ, பெரிய வண்டியின் காற்று வீச்சால் அசைந்தோ சைக்கிள் சிறிது தூரம் பக்கவாட்டில் வரக்கூடும். பிரான்சு தேசத்தில் இவ்விடைவெளி ஊருக்குள் 1 மீட்டரும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் இருக்க வேண்டுமென்று சட்டமே உள்ளது. அவ்வளவு இடம் இல்லாவிடில் ஹாரன் அடித்து விரட்டாது பின்னே பொறுத்திருப்பதே முறை. நின்ற காரின் கதவைத் திறக்குமுன் பின்னே பார்ப்பதும் அவசியம். ஓட்டுபவர் தம் இடக்கையால் கதவைத் திறக்கப் பழகினால் உடல் தானே திரும்பி, கண் பின்புறம் செல்லும். டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இவற்றைத் தமக்கும் கூறியதாகவே கொள்ளல் வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் தானியம் உலர்த்துவதும், இரவில் விளக்கின்றி டிரெய்லரை நிறுத்துவதும் அண்டை வீட்டாரின் பிள்ளையையே வீழ்த்தக்கூடும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

பால் சங்கமோ, நாணய சங்கமோ செய்யக்கூடிய காரியங்கள் சில உள்ளன. பிரதிபலிப்பான்களையும் ஒட்டுப்பட்டைகளையும் மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்கு அடக்க விலைக்குக் கொடுக்கலாம். மாதம் ஒரு முறை பால் அளக்கும் இடத்திலேயே சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒருவரை வரவழைத்துப் பிரேக்கு, மணி, விளக்கு ஆகியவற்றைப் பார்வையிடச் செய்யலாம். சாலையில் அபாயமான திருப்பங்களைக் குறித்துப் பஞ்சாயத்துக்கும் நெடுஞ்சாலை இலாகாவுக்கும் தீர்மானம் அனுப்பலாம்.

விபத்து நேர்ந்தால் 108 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கில் இழுக்கலாகாது என்று 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு பாதுகாப்பளிக்கின்றது. தமிழ்நாட்டில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆகையால் செலவுக்கு அஞ்சியோ, சாட்சிக்கு அஞ்சியோ எவரும் ஒதுங்கிச் செல்ல வேண்டியதில்லை.

ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்பது கூட்டுறவின் அடிப்படை. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் அதனைக் கைக்கொள்வோர் சங்கத்துக்கு வரும் சாலையிலும் கைக்கொண்டால், காலையில் பாலோடு புறப்பட்டவர் வெறுங் கேனோடு பத்திரமாக வீடு திரும்புவார்.