பயிற்சி எந்த மருத்துவமனையில்?

ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களும் பெற்றோரும் கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். நோயாளிகளோடு பயிற்சி எங்கே, யார் மேற்பார்வையில், எத்தனை மணி நேரம் என்பதை அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டும். பக்கவாதத்தில் தளர்ந்த கையை இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும். தண்டுவடம் அடிபட்டு உணர்விழந்தவருக்குச் சக்கர நாற்காலியின் இருக்கை பொருந்தாவிட்டால், வலியே தெரியாமல் புண் ஆழமாகிவிடும். விழுங்கச் சிரமப்படும் குழந்தையின் தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கக்கூடும். இதையெல்லாம் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் கை பழக வேண்டுமானால், தவறப்போகும் நொடியில் தடுக்க அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இதனால்தான், 1952இல் இந்தியாவையும் நிறுவன உறுப்பினராகக் கொண்டு தொடங்கிய உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு, குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சியை வலியுறுத்துகிறது. வெவ்வேறு வயதினரோடும், அண்மையில் பாதிக்கப்பட்டவர், நாள்பட்ட நோயாளி என இரு தரப்பினரோடும் மாணவர் பழக வேண்டும் என்கிறது. நம் நாட்டில் இத்துறையையும் உள்ளடக்கிய, துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. அதன்படி பட்டப்படிப்பு 3,600 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. இச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025இல் தடை விதித்தது.

வேலைக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாமே என்பார்கள். அப்படிக் கற்பதற்கான விலையைக் கொடுப்பவர் நோயாளி. அவருக்கு அது தெரியவும் தெரியாது. சிறு நகரக் கல்லூரிகள் பெரிய மருத்துவமனைக்கு எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சிறப்புப் பள்ளி, மனநலக் காப்பகம், நோயாளியின் வீடு ஆகியவையும் பயிற்சிக் களங்கள்தாம். தகுதியான தெரபிஸ்ட் உடன் இருந்து திருத்தினால் அங்கேயும் நன்றாகக் கற்கலாம். மேற்பார்வை இல்லாவிட்டால் பெரிய மருத்துவமனையிலும் மாணவர் வெறும் உதவியாளராகவே காலம் கழிப்பார். மணி நேரம் மட்டும் திறமையைத் தந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கீழ்வரம்பைக் கைவிட்டால், முதலில் வெட்டுப்படுவது செலவு பிடிக்கும் இந்தப் பயிற்சிதான்.

பயிற்சி எங்கே என்பதை முன்பே அறிய மாணவருக்கு உரிமை உண்டு, பலருக்கும் அது தெரிவதில்லை. யுஜிசியின் 2023ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிகளின்படி, சேர்க்கை தொடங்குவதற்கு 60 நாள் முன்பே கல்லூரி தகவல் கையேட்டை வெளியிட வேண்டும். செய்முறைப் பயிற்சி நடக்கும் மருத்துவமனை பற்றிய விவரமும் அதில் இருக்க வேண்டும். பொய்யான தகவல் தருவதும், சேர்க்கைக்காகக் கொடுத்த அசல் சான்றிதழைத் திருப்பித் தர மறுப்பதும் புகாருக்குரியவை. புகாரை முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழுவின் முடிவு திருப்தி தராவிட்டால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பல்கலைக்கழக இணைப்பே இல்லாமல் சில மாதங்களில் 'தெரபிஸ்ட்' சான்றிதழ் தரும் மையங்களில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. ஆகவே பணம் கட்டும் முன்பே, இணைப்பு ஆணையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். சேர்ந்த பிறகு, பயிற்சிப் பதிவேட்டில் அன்றாடம் மேற்பார்வையாளரின் கையெழுத்தைப் பெற்று, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். புகாருக்கு அதுவே ஆதாரம். வெளிநாட்டில் பதிவு பெறும்போதும் பயிற்சி நேரத்துக்கான சான்றைக் கேட்பார்கள்.