மீண்டு வந்த காடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவன்)

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவர் உள்ளம் மலையேறத் துடிக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிலும் அதே கதைதான். கொடைக்கானல் ஏரியா, உதகை ஏரியா என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அவை இரண்டுமே மனிதர் கரை போட்டு உண்டாக்கிய ஏரிகள். கொடைக்கானல் ஏரி 1863-இல் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் உருவானது என்று பேராசிரியர் ஒருவர் சொன்னபோதும் எங்கள் ஆர்வம் குறையவில்லை. முடிவில் எங்களை வழிநடத்தியது எங்கள் சட்டைப்பை. தலைக்கு ஐம்பது ரூபாய் செலவில், சிதம்பரத்திலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில், நகரப் பேருந்தில் கிள்ளை வழியாகப் போய்ச் சேரும் பிச்சாவரமே போதும் என்று தீர்மானமாயிற்று.

‘மனிதர் கைபடாத காடு’ என்று விளம்பரங்கள் பிச்சாவரத்தைப் புகழ்கின்றன. உண்மை அதுவன்று. மனிதர் கையால் அழிந்து, மனிதர் கையாலேயே மீண்ட காடு அது. அந்த வரலாற்றை நம் கல்லூரி நண்பர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் வங்கக் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையில் கிடக்கிறது இந்த உப்பங்கழி. ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பு. ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு திட்டுகள். அவற்றைச் சுற்றிக் கால்வாய்கள், அவற்றிலிருந்து கிளைக்கும் ஓடைகள். கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. சின்னவாய்க்கால் என்னும் முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் நாளுக்கு இருமுறை உள்ளே வந்து திரும்புகிறது. மேற்கிலிருந்து உப்பனாறும் கான்சாகிப் வாய்க்காலும் நன்னீர் கொண்டுவருகின்றன. நம் தந்தையர் காலத்துக்கு இந்த இடம் ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம். உலகத்துக்கு இது 2022 முதல் ராம்சர் ஒப்பந்தத்தின்படி அறிவிக்கப்பட்ட பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலம்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு வேறோர் உறவும் உண்டு. தில்லை என்ற பெயர் எந்த மரத்தால் வந்ததோ அந்தத் தில்லை மரம் கோயிலைச் சுற்றி இன்று வனமாக இல்லை. அதைக் கூட்டமாகக் காண வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். எக்சோகேரியா அகல்லோச்சா என்பது அதன் அறிவியல் பெயர். கிளையை ஒடித்தால் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். படகுக்காரர் எங்களை அந்தப் பக்கம் கை நீட்டவே விடவில்லை. “சாமி மரம்னு கும்புடு தம்பி, தொட்டுப் பாக்காத” என்றார்.

உப்பு நீரில் ஒரு நாற்றை நட்டால் இரண்டே நாளில் வாடிவிடும் என்பது உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியிருக்க இங்கே ஒரு காடே பச்சைப் பசேலென்று நிற்பது எப்படி? ஒவ்வொரு மரமும் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்து நிறுத்திவிட்டு நீரை மட்டும் மேலே ஏற்றுகிறது. வெண்கண்டல் உள்ளே புகுந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய வேளையில் அதன் இலையை நாவால் தொட்டுப் பார்த்தேன், ஊறுகாய் ஜாடி மூடியைத் தொட்டதுபோல் கரித்தது. தில்லையின் முதிர்ந்த இலைகள் சிவந்து உதிரும்போது, அவற்றில் சேர்ந்த உப்பும் மரத்தை விட்டுப் போகிறது.

உப்பைவிடப் பெரிய தொல்லை சேறு. சேற்றுக்குள் காற்று இல்லை; வேர் மூச்சுவிட முடியாது. எனவே வெண்கண்டல் மரத்தடியில் ஆயிரக்கணக்கான வேர்கள் பென்சில் நட்டுவைத்தாற்போல் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. இவையே நாம் பாடத்தில் படிக்கும் சுவாச வேர்கள். நீர் வடிந்த வேளையில் இவை மூச்சிழுத்துக்கொள்கின்றன. சுரபுன்னையோ தண்டிலிருந்து முட்டுவேர்களை வில்போல் வளைத்து இறக்கி, பல காலூன்றி நிற்கிறது. அதன் விதை மரத்திலிருக்கும்போதே கனிக்குள் முளைத்து, முருங்கைக்காய் போல் பச்சை ஈட்டியாகத் தொங்குகிறது. விழுந்தால் சேற்றில் குத்திட்டு நிற்கும். அல்லது மிதந்து சென்று வேறிடத்தில் ஊன்றும். தேர்வுக்காக நான் மூன்று முறை மனப்பாடம் செய்த இந்தப் பகுதி, படகில் தலைக்கு மேலே தொங்கக் கண்டபோது ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சுரபுன்னையின் இரண்டு இனங்கள் தாமாகவே கலந்து உண்டான ஒரு கலப்பினமும் இங்கே உண்டு. அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

இனி, காடு அழிந்த கதைக்கு வருகிறேன்.

படகு ஓர் ஓடையில் திரும்பியதும் கரைக்கு அப்பால் வரிசை வரிசையாக வெண்கண்டல் மரங்கள் தெரிந்தன. காட்டு மரங்கள் வரிசையில் நிற்கக் காரணம் என்ன என்று படகுக்காரரைக் கேட்டோம். “அது மீன்முள்ளு வாய்க்கா தம்பி. நடுவுல ஒரு பெரிய வாய்க்கா, ரெண்டு பக்கமும் சின்ன வாய்க்கா. எங்க ஆளுங்க வெட்டுனது. அதுக்கு முன்னால இங்க ஒரு புல்லுகூட மொளைக்காது” என்றார். ஊர் திரும்பியபின் துறை நூலகத்தில் தேடிப் படித்ததில் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தக் காட்டை அரசு பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து முழுவதுமாக வெட்டி விற்றது. வெட்டிய இடத்தில் காடு தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டில் பொருந்தக்கூடிய அந்தக் கணக்கு இங்கே பொய்த்தது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த நீர் ஆவியாயிற்று. மண்ணைத் தாங்கிய வேர்கள் மக்கின. நிலம் அமுங்கித் தாம்பாளம்போல் நடுவில் பள்ளமாயிற்று. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெரிய ஓதத்தில் கரை தாண்டி உள்ளே வந்த நீர் அந்தப் பள்ளத்தில் தங்கிவிட்டது, வெளியேற வழியில்லை. கோடையில் அது வற்றியது. உப்பு மட்டும் தங்கியது. மறு ஓதம், மறுபடியும் உப்பு. கடல் நீரைத் தாங்கும் வெண்கண்டலும் தாங்க முடியாத அளவுக்கு உப்பேறி, வெட்டிய இடமெல்லாம் பொட்டலாயிற்று.

காடு மெலிந்ததற்கு நெடுங்காலம் பழி சுமந்தவர்கள் கரையோர மக்கள். மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. மாடும் விறகும் ஓரளவு கெடுத்திருக்கலாம். ஆனால் கன்று முளைக்கவே முடியாத மண்ணில் மாட்டைத் தடுத்து என்ன பயன்? 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணின் மட்டத்தையும் உப்பையும் அளந்து பார்த்தபோதுதான் உண்மைக் காரணம் தெளிவாயிற்று. காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. பள்ளத்திலிருந்து இயற்கை ஓடைக்கு ஒரு பெரிய வாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப் போலத் தெரியும். ஓதம் வரும்போது நீர் பரவும். ஓதம் இறங்கும்போது உப்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியேறும். சில பருவங்கள் கழித்து உப்புக் குறைந்ததும் வாய்க்கால் கரைகளில் வெண்கண்டல் நட்டார்கள்.

இந்தப் படத்தை நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வீட்டில் என் தந்தையிடம் காட்டினேன். அவர் புவனகிரிப் பக்கம் கூலிக்கு உழுபவர். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர் அல்லர். சற்று நேரம் பார்த்துவிட்டு, “களர் நெலத்துக்கு நாங்க செய்யறதுதான இது. தண்ணிய உட்டு உட்டு வடிச்சாத்தான் களரு போவும். நின்னுச்சுன்னா உப்பாத்தான் ஆவும்” என்றார். ஆராய்ச்சிக் கட்டுரை பல பக்கங்களில் சொன்னதை மூன்று வரியில் முடித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் சொன்னால் புரியாது என்ற எண்ணம் உள்ள நண்பர்கள் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

வாய்க்கால் வெட்டியவர்களில் இருளர் மக்களும் அடங்குவர். எங்கள் படகுக்காரரும் அவர்களில் ஒருவரே. வேட்டையும் காவலும் அவர்களின் பழைய பிழைப்பு. கழிக்கு வந்தபின் இறால் பிடிப்பது தொழிலாயிற்று. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. ஆணும் பெண்ணும் கழுத்தளவு நீரில் குனிந்து, வாயில் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். நாங்கள் கடந்து சென்றபோது ஓர் அம்மா அப்படித் துழாவிக்கொண்டிருந்தார். வாய் பேச முடியாது. எனவே கண்ணாலேயே சிரித்தார். இவ்வளவு இருந்தும், பழங்குடியினர் என்ற சான்றிதழ் பெறுவதற்கு இம்மக்கள் பல ஆண்டுகள் அலைய நேர்ந்தது. அந்தத் தாள் இல்லாவிட்டால் பள்ளிப் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை, மேல்படிப்புக்கு இடமில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளில் சான்றிதழ்க் கட்டோடு வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வனத்துறையும் நிறுவனமும் ஊர் மக்களும் கூடி நடத்திய இவ்வேலையின் பயன் வானத்திலிருந்தே தெரிந்தது. 1986-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படத்தையும் 2002-ஆம் ஆண்டின் படத்தையும் ஒப்பிட்ட ஆய்வு, காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருப்பதாகக் கூறியது. வெட்டுவது நின்றதும் இதற்கு ஒரு காரணம். வாய்க்கால் இல்லாமல் அது மட்டும் போதியிராது என்பது என் எண்ணம்.

அதன்பின் இரண்டே ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை வந்தது. நான் அதற்குப் பின் பிறந்தவன். எங்கள் மாவட்டத்தில் அதைப்பற்றிப் பேசாத வீடு இல்லை. கடலோர மணல் திட்டிலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு நாசமாயிற்று. காட்டுக்குப் பின்னாலிருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. காடுதான் காத்தது என்பதே ஊரார் பேச்சு. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பகுதியில் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன என்று 2005-இல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு சில விஞ்ஞானிகள் அதே புள்ளிவிவரத்தை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரிய காரணங்கள் என்று மறுத்தார்கள். இரு பக்கத்தையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: காட்டுக்குப் பின்னால் வீடு கட்டியவர் கடலிலிருந்து விலகியும் கட்டியவர் ஆகிறார், இவ்விரண்டையும் பிரித்துக் கணக்கிடுவது எளிதன்று. இறால் தருவதற்காகவே இக்காட்டைக் காக்கலாம். ஆழிப்பேரலையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

இன்றுள்ள கவலை நன்னீரைப் பற்றியது. கண்டல்கள் உப்பைத் தாங்குமே தவிர விரும்புபவை அல்ல. மேட்டூரில் நீர் குறைந்தால் கொள்ளிடத்திலும் வாய்க்கால்களிலும் குறைகிறது. கடைமடையான இந்தக் கழிக்கு மழைக்காலம் போனபின் வருவது சொற்பம். உப்பு கூடும்போது அதை மிகுதியும் தாங்கும் வெண்கண்டலே எங்கும் நிறைகிறது. மென்மையான இனங்கள் மறைகின்றன. கண்டேலியா கண்டல் என்னும் மரம் முன்பு இங்கே இருந்ததாகப் பதிவு உண்டு, இன்று இல்லை. நம் பக்கத்துச் சொல்லான ‘கண்டல்’ அம்மரத்தின் அறிவியல் பெயரில் இருக்கிறது, மரம் மட்டும் பிச்சாவரத்தில் இல்லை. வெட்டிய மீன்முள் வாய்க்கால்களும் சேறு படிந்து மேடிடுகின்றன. அவ்வப்போது தூர் வாராவிட்டால் மறுபடியும் நீர் தேங்கும். அதன்பின் என்ன ஆகும் என்பதை என் தந்தை முன்னரே சொல்லிவிட்டார்.

போக விரும்பும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். படகுத்துறையில் பெரிய படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகைக் கேளுங்கள், அதுதான் குறுகிய ஓடைக்குள் நுழையும். ஓதம் இறங்கும் நேரம் எது என்று விசாரித்துக்கொண்டு ஏறினால் சுவாச வேர்கள் முழுவதும் தெரியும். தாவரவியல் மாணவராயின், வெண்கண்டல் இலையை நாவில் வைத்துப் பாருங்கள். தில்லை இலையை வேண்டாம்.